நாள் முழுக்க மேடு ஏறி இறங்குகிறோம், அப்புறம் எதற்கு விளையாட்டு?

நீலகிரியில் விளையாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்கள் உடனே வரும். "மலைக்காத்து குடிக்கிறோம், மேடு பள்ளம் நடக்கிறோம், நமக்கு எதுக்குத் தனியா விளையாட்டு?" என்பது ஒன்று. "அதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு" என்பது இன்னொன்று. கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரிடம், மாலையில் கொஞ்ச நேரம் த்ரோபால் ஆடலாமே என்று சொல்லிப் பாருங்கள். "காலையில இருந்து சரிவுல நிக்கிற காலு தம்பி இது. இதுக்கு மேல ஆட்டம் வேறயா?" என்பார்.

நியாயமான கேள்வி. "உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அவர் உடல் உழைக்கிறது, அதில் சந்தேகமில்லை. அந்த உழைப்புக்கும் விளையாட்டுக்கும் உடலுக்குள் என்ன வித்தியாசம் என்பதைத்தான் விளக்க வேண்டும். அதை விளக்கிவிட்டால் விளையாட்டு மனதுக்கு என்ன செய்கிறது என்பதும் பாதி புரிந்துவிடும்.

பொழுதுபோக்கு விளையாட்டு என்று இங்கே சொல்வது, சம்பளத்துக்கோ வேலைக்கோ அல்லாமல், ஓய்வு நேரத்தில் விருப்பப்பட்டு ஆடும் எதையும். எஸ்டேட் மைதானத்தில் வாலிபால், அட்டியில் (படுகர் ஊரில்) ஞாயிற்றுக்கிழமை கால்பந்து, ஊர் மண்டபத்தில் ஷட்டில், பூப்பந்து, கபடி, நாலு பேர் சேர்ந்து தொட்டபெட்டா வரை போகும் நடை எல்லாமே இதில் அடங்கும்.

ரவுண்டு விட்டுப் பறிக்கும் கொழுந்து

தோட்ட வேலை தெரிந்தவர்களுக்கு இந்த விஷயத்தின் அடிப்படை ஏற்கெனவே கைப்பழக்கம். தேயிலையைக் கிள்ளாமல் விட்டால் அது மரமாக ஓங்கிவிடும், கொழுந்துக்கு ஆகாது. நுனியைக் கிள்ளும்போதுதான் கீழே இலைக்கணுவில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் துளிர் விடுகின்றன. ஆனால் கிள்ளிய மறுநாளே அதே செடிக்குப் போனால் கைக்கு ஒன்றும் வராது. சீசனைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டுத்தான் அடுத்த ரவுண்டு. அந்த இடைவெளியில், பறிக்காமல் விட்ட முற்றின இலைகள் உணவு தயாரித்துப் புதுத் துளிருக்குக் கொடுக்கின்றன. ஆசைப்பட்டு முற்றினதையும் சேர்த்து உருவிவிட்டால் செடி மெலிந்து நின்றுவிடும்.

உடலும் இதே கணக்கில்தான் போகிறது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இதயத்துக்கும் தசைக்கும் வேலை வைப்பதற்குச் சுமை என்று பெயர். அந்த வேலை முடிந்தபின் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரத்துக்கு மீட்சி என்று பெயர். அரை மணி நேரம் பந்து ஆடி முடித்தவர் அந்த நிமிடத்தில் ஆடத் தொடங்கும் முன் இருந்ததைவிடப் பலவீனமாகத்தான் இருக்கிறார். தசைநாரில் நுண்ணிய சேதம் இருக்கும், சேமித்து வைத்த சர்க்கரை குறைந்திருக்கும். பலம் ஏறுவது அதற்கப்புறம், அவர் சாப்பிட்டு, தூங்கி, அடுத்த நாள் சும்மா இருக்கும்போது. சுமை மட்டும் இருந்து மீட்சி இல்லையென்றால் தேய்மானம்தான் மிஞ்சும். மீட்சி மட்டும் இருந்து சுமை இல்லையென்றால் இருப்பதும் குறையும்.

தோட்ட வேலை ஏன் விளையாட்டுக்கு ஈடாகாது

சரி, கொழுந்து பறிப்பதில் சுமை இல்லையா? இருக்கிறது. அதன் அமைப்புதான் வேறு.

ஒரு சரிவில் நின்று பறிப்பவரைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இடுப்பு முன்னால் சாய்ந்திருக்கிறது. முதுகில் பை. பை நிறைய நிறையக் கழுத்தும் தோளும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. விரல்கள் மட்டும் ஓயாமல் ஓடுகின்றன. முதுகுத் தசைகள் சுருங்கின நிலையிலேயே மணிக்கணக்கில் நிற்கின்றன. அசையாமல் சுருங்கி நிற்கும் இந்தச் சுமைக்கு நிலைச்சுமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். சுருங்கி நிற்கும் தசை தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. அந்தத் தசைக்கு ரத்தம் போவது குறைகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்துடிப்போ நாள் முழுக்கச் சாதாரண அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஆனால் இதயத்தைப் பெரிதாக வேலை வாங்கும் அளவுக்கு ஏறாது. அதாவது, இதயத்தின் திறனைக் கூட்டும் அளவுக்குச் சுமை வருவதில்லை, அது நன்றாக ஓய்வெடுக்கும் அளவுக்கு இறங்குவதும் இல்லை.

அதோடு வேலை முடிந்து லைன் வீட்டுக்கு (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு) போனால் தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள். மீட்சிக்கு நேரமே இல்லை. பறிக்கும் கொழுந்துக்குக் கிலோ கணக்கு வேறு இருக்கிறது. களைப்பாக இருக்கிறது என்று நடுவில் உட்கார முடியாது. ஆட்டத்தில் மூச்சு வாங்கினால் கை தூக்கிவிட்டு ஓரமாக நிற்கலாம். இந்த உரிமை சின்ன விஷயமாகத் தெரியும், உடலுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம்.

இது வெறும் ஊகம் இல்லை. 2018-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 1.9 லட்சம் பேரைப் பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வேலையில் மிக அதிகமாக உடலுழைக்கும் ஆண்களுக்கு, குறைவாக உழைப்பவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. பெண்களிடம் அப்படி ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. 2021-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வந்த ஆய்வில், ஓய்வு நேரத்து உடலசைவு கூடக்கூட மாரடைப்பு முதலியவை குறைந்தன. வேலைநேரத்து உடலுழைப்பு கூடியவர்களிடம் அவை அதிகமாக இருந்தன. ஆய்வாளர்கள் இதை உடலுழைப்பு முரண் என்கிறார்கள். கடின உழைப்பாளிகளுக்குக் கூலி குறைவு, வைத்திய வசதி குறைவு, புகைப்பழக்கம் அதிகம் என்பதால் கணக்கு அப்படித் தெரிகிறதோ என்ற விவாதமும் நடக்கிறது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், உழைக்கிறவருக்கு விளையாட்டு வேண்டாம் என்று சொல்ல இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படலாம்.

வேலை எல்லாம் கெடுதல் என்று இதைப் புரிந்துகொள்ளவும் கூடாது. 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் ஓட்டுநரைவிட, டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கும் நடத்துநருக்கு இதயநோய் குறைவாக வந்தது. உடலசைவும் இதயமும் சம்பந்தப்பட்டவை என்று அறிவியல் உறுதியாகப் பேசத் தொடங்கியதே அங்கிருந்துதான். நடத்துநரின் வேலையைக் கவனித்தால் ஒன்று தெரியும்: வேகமாக ஏறுகிறார், நிற்கிறார், இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். முழு உடலும் அசைகிறது, நடுநடுவே இடைவெளி கிடைக்கிறது. வேலையா விளையாட்டா என்ற பெயரைவிட, சுமை எந்த உருவத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். விளையாட்டில் அந்த உருவம் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது.

நம் மலையிலேயே இதைப் பழைய காலத்திலிருந்து அறிந்தவர்கள் உண்டு. எருமை மேய்த்து நாளெல்லாம் புல்வெளியில் நடந்த தோடர்கள், பண்டிகைக்கு முத்தநாடு மந்து என்ற தங்கள் ஊரில் கூடும்போது உருண்டையான பெரிய கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றிக் காட்டுவார்கள். எருமை மேய்க்க அந்தக் கல் எதற்கும் உதவாது. ஆடிப் பார்க்கத்தான், சுற்றி நின்று ஆரவாரம் செய்யத்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உடலுக்குச் சுமையும் வேண்டும், மீட்சியும் வேண்டும். தோட்ட வேலையில் சுமை நீளமாக, அசையாமல், ஓய்வில்லாமல் வருகிறது. விளையாட்டில் குறுகிய நேரத்துக்கு, முழு உடலோடு, இடைவெளியோடு வருகிறது.

நெஞ்சுக்குள் என்ன மாறுகிறது

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. துடிப்பு 70 என்றால், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர். இதைத் துடிப்பளவு என்று வைத்துக்கொள்ளலாம். வாலிபாலில் பந்து கீழே விழாமல் ஒரு நீண்ட ராலி ஓடும்போது தசைகள் கேட்கும் ரத்தம் இதைப் போல மூன்று மடங்குக்கும் மேலே போகும். இதயம் வேகமாகவும் துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாகவும் தள்ளுகிறது.

சில மாதங்கள் இப்படி ஆடினால் இதயத்தின் அறை கொஞ்சம் விரிகிறது, சுவர் வலுவாகிறது, துடிப்பளவு கூடுகிறது. அப்புறம் சும்மா இருக்கும்போதும் அதே 5 லிட்டரைக் குறைந்த துடிப்பிலேயே தள்ளிவிடும். துடிப்பு 70-லிருந்து 60-க்கு இறங்கினால் ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சம். நாள் முழுக்க மிதமாகவே துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு இந்த மாற்றம் வராது. அதை அவ்வப்போது உச்சத்துக்குக் கொண்டுபோய், பிறகு இறக்கி விட வேண்டும்.

ரத்தக் குழாய்களும் மாறுகின்றன. ரத்தம் வேகமாக ஓடும்போது குழாயின் உட்சுவர் அதை உணர்ந்து தளர்ந்து கொடுக்கிறது. அடிக்கடி இப்படி நடந்தால் அந்த நெகிழ்ச்சி நிலைத்து, ரத்த அழுத்தம் குறைய உதவுகிறது. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

தசை, சர்க்கரை, எலும்பு

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிதாகிவிட்டதால் இதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட உணவில் இருந்து வரும் சர்க்கரை ரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் நுழைய வழி திறக்கும் சுரப்புக்கு இன்சுலின் என்று பெயர். சர்க்கரை நோயின் பெரும்பாலான வகைகளில், இன்சுலின் இருந்தும் தசை அதற்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்து வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலே தன் வழியைத் திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்கு அது நன்றாகவே காது கொடுக்கும். அதனால்தான் வாரத்துக்கு ஒரே நாளில் மொத்தமாக ஆடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடுவது சர்க்கரைக்கு நல்லது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு ஆடும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். பையில் கற்கண்டோ மிட்டாயோ இருக்கட்டும், மருத்துவரிடம் முன்பே பேசிவிட வேண்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சாதகம் உண்டு. ஆஸ்திரியாவின் மலையில் சிலரை ஏறுவதையோ இறங்குவதையோ மட்டும் நடந்து செய்யவும், மறுவழிக்குக் கேபிள் காரில் போகவும் வைத்து ஆராய்ந்தார்கள். மேடு ஏறுவதில் மட்டும் அல்ல, இறங்குவதிலும் பலன் இருந்தது. இறங்கியவர்களின் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிற்கிறது. மறுநாள் தொடை வலிப்பது அதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை.

எலும்பைப் பற்றிச் சுருக்கமாக. குதித்தல், திரும்பி ஓடுதல், திடீரென்று நிற்றல் ஆகியவை எலும்புக்குப் பல திசைகளில் தட்டுக் கொடுக்கின்றன. எலும்பு அந்தத் தட்டுக்கு ஏற்றபடி அடர்த்தியாகிறது. ஒரே சீராக நடப்பதில் இது குறைவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிவதால் அவர்களுக்கு இது கூடுதல் முக்கியம்.

மலைக்காற்றைப் பற்றிய தப்புக் கணக்கு

"ஊட்டியில் ஆக்ஸிஜன் சதவீதம் குறைவு" என்று பலரும் சொல்வார்கள். சதவீதம் குறைவதில்லை. கடற்கரையிலும் சரி, ஊட்டியிலும் சரி, காற்றில் ஆக்ஸிஜன் சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அதே அளவு குறைகிறது. சுமார் 1,850 மீட்டரில் உள்ள குன்னூரில் குறைவு கொஞ்சம் கம்மி, கூடலூரில் இன்னும் கம்மி.

இதைச் சமாளிக்கச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற சுரப்பைக் கூடுதலாக விடுகிறது. அது எலும்பு மஜ்ஜையிடம் சிவப்பணுக்களை அதிகம் உண்டாக்கச் சொல்கிறது. மலையில் வாழ்கிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் லாபம்தான். ஆனால் சிவப்பணு ஆக்ஸிஜனைச் சுமந்து வருவதோடு சரி. அதைத் தள்ளிவிட வலுவான இதயமும், வாங்கிச் செலவழிக்கப் பழகிய தசையும் வேண்டும். அவை இரண்டும் காற்றைச் சுவாசிப்பதால் வருவதில்லை, ஆடினால்தான் வரும். மலைக்காற்று மட்டும் போதும் என்று வீட்டோடு இருக்கிறவருக்கு அந்த லாபத்தில் பெரும்பகுதி வீண்.

சமவெளியில் இருந்து வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் முதல் சில நாட்கள் வேகத்தைக் குறைத்தே ஆட வேண்டும். இயல்பாகவே மூச்சு அதிகம் வாங்கும். அப்புறம் குளிர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் வயதானவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் போர்வையை விட்டு எழுந்து நேராக ஓடக் கூடாது. வெயில் வந்த பிறகு, பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு தொடங்கினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் மஃப்ளரை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டால் உள்ளே போகும் காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்.

மனதுக்கு எப்படி

"ஆடினா எண்டார்பின் சுரக்கும், மனசு லேசாகும்" என்பது இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. எண்டார்பின் என்பது உடலே தயாரிக்கும் வலி நிவாரணி. அது சுரப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் ஓடும் எண்டார்பின், மூளையைச் சுற்றியுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே போவது கடினம். 2021-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஆட்களை ஓட வைத்தார்கள். அப்போதும் ஓடியவர்களுக்கு மகிழ்ச்சி வந்தது, பதற்றம் குறைந்தது. அந்த லேசான உணர்வில் பெரும்பங்கு எண்டோகன்னாபினாய்டு என்ற வேறு வகைப் பொருளுக்கு இருக்கலாம் என்பது இப்போதைய கருத்து. அதுவும் உடலே தயாரிப்பது, மூளைக்குள் எளிதில் நுழையக்கூடியது.

இந்த லேசான உணர்வு ஒரு சில மணி நேரம்தான். மனதுக்குக் கிடைக்கும் நிலையான பலன் வேறு இடங்களில் இருக்கிறது.

பதற்றத்தையே எடுத்துக்கொள்வோம். பசுந்தேயிலை விலை இறங்கிய மாதத்தில் கடன் தவணை வருகிறது. படுத்தால் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உடல் ஆபத்துக்குத் தயாராகும்போது அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. கார்டிசால் என்பது ஆபத்து நேரத்தில் உடலுக்குச் சக்தியைத் திரட்டிக் கொடுக்கும் சுரப்பு. ஓடித் தப்பிக்கும் ஆபத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. கடன் தவணையை ஓடித் தாண்ட முடியாது, அதனால் படபடப்பு முடிவில்லாமல் நீள்கிறது. அப்புறம் அந்தப் படபடப்பே பயமாகிவிடுகிறது. "எனக்கு ஏதோ ஆகப் போகுது" என்று தோன்றும், அந்த எண்ணத்தில் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும்.

ஆட்டத்தில் இதே படபடப்பு வேறு விதமாக வருகிறது. பந்து வலையைத் தாண்டி வரும்போது துடிப்பு ஏறுகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. விசில் ஊதியதும் எல்லாம் இறங்குகிறது. ஒரு மாலையில் பல தடவை இப்படி ஏறி இறங்குகிறது. நெஞ்சு வேகமாக அடிப்பதும் மூச்சு வாங்குவதும் ஆபத்தில்லை, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்று உடலே திரும்பத் திரும்பக் கற்றுக்கொள்கிறது. படபடப்பைக் கண்டு ஏற்படும் பயம் உடற்பயிற்சியால் குறைகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டு தேயிலை விலையை ஏற்றாது. ஆனால் ராத்திரி நெஞ்சு அடிக்கும்போது அதற்குப் பயப்படாமல் இருக்க ஒருவருக்குக் கைகொடுக்கும். எனக்கு இதுதான் விளையாட்டின் மிகப் பெரிய உபகாரமாகத் தோன்றுகிறது. இதைப் பற்றி நாம் பேசுவதும் மிகக் குறைவு.

இன்னொன்று மூளையின் அமைப்பு. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி வயதாகும்போது மெல்லச் சுருங்கும். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் ஆராய்ந்தார்கள். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை வேகநடை நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதானது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது குறைந்தது.

தூக்கம் சீராவதும் இதில் சேர்த்தி. ஆடிய உடலுக்கு ஆழ்ந்த தூக்கம் கூடுகிறது, தூங்கிய மூளைக்கு மறுநாள் கோபம் குறைகிறது.

ஒரு எச்சரிக்கை. மனச்சோர்வு ஒரு நோய். "மைதானத்துக்கு வாடா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி அதைத் தள்ளிவிடக் கூடாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதலின் 2022 பதிப்பில், லேசான மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் குழுவாகச் செய்யும் உடற்பயிற்சியும் இருக்கிறது. தீவிரமான சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் வேண்டும், விளையாட்டு கூடத் துணைக்கு வரலாம். வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் 14416 என்ற அரசு எண்ணுக்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கூட ஆடுகிறவர்கள்

கோபன்ஹேகனில் 8,500-க்கும் மேற்பட்டவர்களை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2018-ல் வெளிவந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், ஷட்டில் ஆடியவர்கள் 6.2 ஆண்டும், கால்பந்து ஆடியவர்கள் 4.7 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று கணக்கு வந்தது. தனியாக மெதுவோட்டம் ஓடியவர்களுக்கு 3.2 ஆண்டு, ஜிம்முக்குப் போனவர்களுக்கு 1.5 ஆண்டு. டென்னிஸ் ஆடுகிறவர்கள் வசதியானவர்களாக இருப்பார்கள் என்பதால் முழுப் பெருமையையும் மட்டைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: எதிரில் ஒரு ஆள் இல்லாமல் ஆட முடியாத விளையாட்டுகள்தான் மேலே இருக்கின்றன.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் துடுப்புப் படகு வீரர்களிடம் செய்த சோதனை இன்னும் நேரடியானது. ஒரே அளவு பயிற்சியைத் தனியாகச் செய்தபோதும் சேர்ந்து செய்தபோதும் அவர்கள் வலி தாங்கும் அளவைச் சோதித்தார்கள். சேர்ந்து செய்த பிறகு வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். உழைப்பில் மாற்றமில்லை, பக்கத்தில் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

நம் ஊரில் இது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. இரண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே வலை கட்டி ஆடும் மைதானத்தில் எஸ்டேட் ஃபீல்டு ஆபீசர் மகனும், லாரி கிளீனரும், கேரட் மூட்டை தூக்குகிறவரும் ஒரே அணியில் நிற்பார்கள். இரண்டு வாரம் ஒருவர் வரவில்லை என்றால் "என்னாச்சு மாப்ளே, காணோம்?" என்று வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் புரட்டுவதும், வேலை இருக்கிறது என்று தகவல் சொல்வதும் அந்த வலைக்குப் பக்கத்தில்தான்.

அந்த வலைக்குப் பக்கத்தில் பெண்கள் இல்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன நிலைச்சுமை முழுக்க அவர்கள் முதுகில் இருக்கிறது, மீட்சிக்கான நேரம் அவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை. அவர்களுக்கு விருப்பம் இல்லாததால் வரவில்லை என்று சொல்வது உண்மை இல்லை. மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு பந்தைப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையானது. கூடவே வாரம் இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாலு மாலை, 40 நிமிடம் என்றால் 160 நிமிடம் ஆகிவிட்டது. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து பெட்போர்டுக்கு வேகமாக ஏறிப் போவதும் கணக்கில் சேரும்.

மிதமா கடுமையா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். ஆடிக்கொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் கடுமை.

நாள் முழுக்க உடலால் உழைக்கிறவர்கள் ஒரு மணி நேரம் ஆட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்குப் போகாமல் ஒரு டீ, கொஞ்சம் சாப்பாடு, அரை மணி உட்கார்ந்துவிட்டுப் போகலாம். இருபது நிமிட ஆட்டம் போதும். குனிந்தே இருந்த முதுகுக்கு, கை மேலே போகும் ஆட்டங்களான வாலிபாலும் த்ரோபாலும் பொருத்தமானவை. பறிப்பு உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை, அப்போது தேவை மீட்சிதான்.

வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு டோர்னமென்ட்டுக்கு மட்டும் ஷூ கட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலும் குதிகால் தசைநாணும் போகின்றன. முதல் மாதம் பாதி வேகம். ஆடும்போது நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்க வேண்டும். "வாயுவா இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது.

நேரத்தையும் இடத்தையும் நம் மலைக்கு ஏற்றபடி பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் மைதானம் தண்ணீரில் கிடக்கும். அந்த மாதங்களுக்கு மண்டபத்தில் ஷட்டிலோ கயிறு குதிப்போ இருக்கட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இருட்டிவிட்டால் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் இறங்கும். ஆட்டம் ஐந்தரைக்கு முடிந்து, வீடு தூரமானவர்கள் கூட்டமாகப் போக வேண்டும். பெண்களுக்கு வார நாள் மாலை ஒத்துவராது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மைதானத்தை அவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளையும் அடுப்பையும் அந்த ஒரு மணி நேரம் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொண்டால் ஆட்டம் நடக்கும். ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்யக்கூடிய விஷயம்தான் இது.